கரிமூஞ்சி உட்கார்ந்த கிளை

கிலாலே, வுண்டான்யி அஞ்சல்
14 செப்டம்பர் 1986

மலெம்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். மலெம்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வந்தால் காட்ட வேண்டும் என்று தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். நீங்கள் வருவதற்குள் புதுப்பல்லே ஆடத் தொடங்கிவிடும் என்று நான் சொன்னேன். அழுதாள். சொன்னதற்காக வருத்தப்பட்டேன், ஆனால் பொய் ஒன்றும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். போன வாரம் சிலர் வந்து, முன்னோர் காலத்திலிருந்து யாரும் கத்தி வைக்காத நம் ஃபிகிக் காட்டின் விளிம்பு மரங்களுக்கெல்லாம் வெள்ளைச் சாயம் அடித்துவிட்டுப் போனார்கள். மின்கம்பம் செய்கிற கம்பெனியாம். பள்ளிக்கூடத்துக்குக் கீழே உள்ள பைன் தோட்டத்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். இப்போது மேலே உள்ள ஃபிகியையும் வெட்டி யூக்கலிப்டஸ் வைக்கப் போகிறார்கள். யூக்கலிப்டஸ் வைத்த ஊரில் ஊற்று என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். உங்கள் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊரில்தான் பெண்கள் இன்று இரண்டு மலை இறங்கித் தண்ணீர் தூக்குகிறார்கள். நம் பீன்ஸ், நம் முட்டைக்கோஸ், ஊரின் குடிநீர், எல்லாம் ஃபிகிக்குள் கசிகிற அந்த ஒரு ஊற்றுதான்.

ஜனவரியில் நைரோபியில் காட்டு நிலத்தை முடிவு செய்கிற வாரியம் கூடி ஆட்சேபம் கேட்குமாம். காட்டின் பொறுப்பில் இருக்கும் முவாகிமாப் பெரியவர், நம் முன்னோரின் மண்டையோடுகள் அங்கே பாறைப் பொந்தில் இருக்கின்றன என்று சொல்லிப் பார்த்தார். அவற்றை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. வேறு எங்கும் இல்லாத ஒன்று இந்தக் காட்டில் இருக்கிறது என்று காட்ட வேண்டுமாம். அப்போதுதான் ஊர்க்கூட்டத்தில் வாத்தியார் கரிமூஞ்சிக் குருவியைச் சொன்னார். உலகத்திலேயே நம் மலைகளை விட்டால் அது வேறெங்கும் கிடையாதாம், புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். அது நம் ஃபிகியில் வாழ்கிறது என்று ஒரு நல்ல படம் காட்டினால் போதும் என்றார்.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வருஷம் முழுக்க மணப்பெண்களைப் படம் எடுக்கிற மனிதர் ஒரு குருவியைப் படம் எடுக்க ஊருக்கு வர முடியாதா?

வாகியோ

*

நைரோபி
2 அக்டோபர் 1986

மலெம்பாவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே முதலாளியிடம் விடுப்புக் கேட்டேன். "டிசம்பர் வரைக்கும் கல்யாணம் வரிசையா நிக்குது. குருவிக்குக் கல்யாணம்னா சொல்லு, அனுப்பி வைக்கிறேன்" என்றார். ஸ்டுடியோவில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

ஆகவே நீதான் எடுக்க வேண்டும். பதறாதே. கல்யாணமான புதிதில் உனக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக் கொடுத்தேனே, நீ என் அம்மாவைத் தலையில்லாமல் எடுத்தாயே, அதே கேமராதான். நீள லென்ஸும் பிலிம் சுருள்களும் சேர்த்துப் பழைய கம்பளியில் சுற்றி, பஸ் கண்டக்டர் ஞாம்புவிடம் கொடுத்திருக்கிறேன். அவனுக்குச் சாயா வாங்கிக் கொடு.

கவனமாகப் படி. குருவியைத் துரத்தாதே. துரத்தினால் அதன் வால்தான் கிடைக்கும். அது உட்காரும் இடத்தை நீ ஏற்பாடு செய், அது வரும்வரை காத்திரு. கரிமூஞ்சி புதருக்குள் இருட்டில் திரிகிற ஜாதி. அங்கே எடுத்தால் கரிதான் தெரியும். ஃபிகியின் ஓரத்தில் மரம் தானாக விழுந்து வெளிச்சம் இறங்குகிற இடம் ஒன்று உண்டல்லவா, அங்கே பாசி பிடித்த நல்ல கிளையாகப் பார்த்து ஒன்றை நட்டு வை. கட்டைவிரல் பருமன் போதும். நுனியில் இரண்டொரு இலை இருக்கட்டும், அப்போதுதான் மரத்தில் முளைத்தது போலவே இருக்கும். வேலிக்கம்பியில், துணிக்கொடியில் உட்கார்ந்த படம் வேண்டவே வேண்டாம். இயற்கையான கிளை, அதுதான் முக்கியம். லென்ஸின் வெளிச்ச வளையத்தைச் சின்ன எண்ணில் வை. பின்னால் இருக்கும் குப்பையெல்லாம் கரைந்து போய்க் குருவி மட்டும் நிற்கும்.

மலெம்பாவின் பல்லைப் பத்திரமாக வை.

மகாங்கா

*

கிலாலே
26 அக்டோபர் 1986

மலெம்பாவின் அப்பாவுக்கு,

கேமரா வந்து சேர்ந்தது. ஞாம்பு சாயாவோடு நிற்கவில்லை, ஒரு தட்டுக் கிமாங்காவும் தின்றுவிட்டு, அடுத்த தடவையும் நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

கிளை நடு என்று எழுதிவிட்டீர்கள். நைரோபிக்குப் போய் ஃபிகியின் முறையையே மறந்துவிட்டீர்களா? ஒரு சுள்ளி ஒடிக்கக் கூடாது, விழுந்து கிடப்பதையும் எடுக்கக் கூடாது. நான் பெரியவரிடம் போய்க் கேட்டேன். மறைப்புக் கட்டிக்கொள்ளலாம், ஆனால் சாக்கும் வாழைச்சருகும் வீட்டிலிருந்து வர வேண்டும், ஒரு இலைகூட உள்ளே பறிக்கக் கூடாது என்றார். கிளைக்கு என்ன செய்வது என்றேன். "வெளிய கொண்டு போகக் கூடாதுன்னுதான் இருக்கு. உள்ள கொண்டு வரக் கூடாதுன்னு யாரும் சொன்னதில்ல" என்றார்.

அதனால் கீழே பள்ளிக்கூடச் சரிவுக்குப் போய்ப் பைன் தோட்டத்தில் தேடினேன். நரைத்த தாடி போலப் பாசி தொங்குகிற கிளை ஒன்று கிடைத்தது. நுனியில் ஊசி இலைக் கொத்து ஒன்று இருந்தது. நீங்கள் சொன்னபடியே அதை விட்டுவிட்டேன். வீட்டிலிருந்து முளைக்கம்பு கொண்டுபோய் நட்டு, சணல் கயிற்றால் கிளையைக் கட்டி, கட்டு தெரியாமல் பாசியை இழுத்துவிட்டேன். ஒரு ஒடிசல் இல்லை, ஒரு கீறல் இல்லை. பெரியவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் குருவி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. நான் சாக்குக்குள் உட்கார்ந்து எறும்புக் கடி வாங்குகிறேன். பக்கத்து வீட்டு ஜும்பேயின் அம்மா வேலைக்குப் போகும்போது சாக்கைப் பார்த்து, "உள்ள இருக்கிறது உருளைக்கிழங்கா, இல்ல மகாங்கா பொண்டாட்டியா?" என்று தினமும் கேட்கிறாள். முதல் சுருளை ஞாம்புவிடம் அனுப்புகிறேன். திட்டுவதானால் மெதுவாகத் திட்டுங்கள்.

வாகியோ

*

நைரோபி
9 நவம்பர் 1986

மலெம்பாவின் அம்மாவுக்கு,

சுருளைக் கழுவிப் பார்த்தேன். உன் விரல் ஐந்து படங்களில் நன்றாக விழுந்திருக்கிறது. மற்றவற்றில் மூடுபனி. ஒன்றில் ஏதோ வால் மாதிரி தெரிகிறது, அதுவும் ஒருவேளை உன் கைக்குட்டை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குருவி இல்லாமல் வெறும் கிளையை எடுத்திருக்கிறாயே, அது அருமை. தொங்குகிற பாசி, நுனியில் அந்த ஊசிக்கொத்து, பின்னால் எல்லாம் பச்சையாகக் கரைந்து கிடக்கிறது. நானே போய் நட்டிருந்தாலும் இப்படி அமைந்திருக்காது. அதை அசைக்காதே. இலைக்கொத்தைக் கிள்ளிவிடாதே. குருவிதான் பாக்கி.

மறைப்புக்கும் கிளைக்கும் நடுவே ஒரு நூலைப் பிடித்து நீளம் பார்த்து, அந்த அளவுக்குத் தூர வளையத்தைத் திருப்பி மெழுகு வைத்து ஒட்டிவிடு. பிறகு நீ திருப்பவே வேண்டாம். மூச்சை விட்டு முடித்ததும் அழுத்து, பிடித்துக்கொண்டு அழுத்தாதே. குருவி வந்த உடனே எடுக்காதே. அது உட்கார்ந்து ஒருமுறை சுற்றிப் பார்க்கும், அப்போது ஒரு கணம் அசையாமல் நிற்கும். அந்தக் கணம்தான் உனக்கு.

மகாங்கா

*

கிலாலே
4 டிசம்பர் 1986

மலெம்பாவின் அப்பாவுக்கு,

விரல், கைக்குட்டை என்று எழுதியதைப் படித்து உங்கள் கேமராவை ஊற்றில் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். மழையில் நனைந்து, பீன்ஸுக்குக் களை எடுக்காமல், மலெம்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நான் போய்க் குந்துகிறேன். நீங்கள் அங்கே விளக்கடியில் உட்கார்ந்துகொண்டு கேலி எழுதுகிறீர்கள்.

இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது. செவ்வாய்க்கிழமை மழை விட்டு வெயில் லேசாக வந்தது. கிளைக்குப் பின்னால் இருக்கும் முள்புதரில் அது கூடு கட்டியிருக்கிறது போலும். ஆணும் பெண்ணும் மாறி மாறி எதையோ கொண்டுபோவது கேட்டது. கூட்டை நான் தேடவில்லை, தேடினால் விட்டுவிட்டுப் போய்விடும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். பிறகு ஆண் வந்து நம் கிளையில் உட்கார்ந்தது. வாயில் பச்சைப் புழு. முகமெல்லாம் கரி அப்பிய மாதிரி, கண் மட்டும் வெளுப்பாக. இவ்வளவு சின்ன உயிரா என்று இருந்தது. என் கட்டைவிரல் அளவுதான். நீங்கள் சொன்னபடி மூச்சை விட்டேன், காத்திருந்தேன், அது நேராக என்னைப் பார்த்தது, அழுத்தினேன்.

அது போன பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள். இதற்காகத்தான் இத்தனை பேர் சண்டை போடுகிறோமா, இதை நம்பித்தான் ஊரே தண்ணீர் குடிக்கிறதா என்று தோன்றியது.

சுருள் ஞாம்புவிடம். கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். இந்தத் தடவை கேட்பது நானில்லை, மலெம்பா.

வாகியோ

*

நைரோபி
20 டிசம்பர் 1986

வாகியோ,

உன் பெயரைச் சொல்லியே அழைக்கிறேன், இன்றைக்கு அதற்கு உரிமை உண்டு. படம் வந்துவிட்டது. இருட்டறையில் தாளில் முதலில் கண் எழுந்தது, பிறகு அலகு, அலகில் புழு. நான் சத்தம் போட்டதில் முதலாளி ஓடி வந்துவிட்டார். எத்தனை வருஷமாக நான் எடுக்க நினைத்த படம் இது. நீ எடுத்துவிட்டாய். பொறாமையாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

பெரிதாக்கி முதலாளியின் கண்ணாடி ஜன்னலில் மாட்டியிருக்கிறோம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். இத்தனை இயற்கையாக உட்கார்ந்த குருவியைப் பார்த்ததே இல்லை என்று ஒரு பத்திரிகைக்காரர்கூடச் சொன்னார். ஒரு பிரதி இதோடு அனுப்புகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. ஜனவரி விசாரணைக்கு நானே நேரில் போகப் போகிறேன். அதற்கு விடுப்பு வேண்டுமானால் பண்டிகைக்கு வேலை செய்ய வேண்டும் என்கிறார். கோபித்துக்கொள்ளாதே. காட்டைக் காப்பாற்றிவிட்டு வருகிறேன், அப்போது மலெம்பாவின் எல்லாப் பல்லையும் எண்ணிப் பார்க்கிறேன்.

மகாங்கா

*

கிலாலே
6 ஜனவரி 1987

மலெம்பாவின் அப்பாவுக்கு,

படத்தைக் கோயிலில் பெஞ்சு பெஞ்சாகக் கைமாற்றிப் பார்த்தார்கள். பாதிரியாரின் பிரசங்கத்தை யாரும் கேட்கவில்லை. ஜும்பேயின் அம்மா, தன்னையும் இதே மாதிரி பின்னால் எல்லாம் கரைந்து போகிற மாதிரி எடுக்கச் சொல்கிறாள். பின்னால் இருப்பது அவள் மாமியார் வீடு.

நீங்கள் வராதது பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. விசாரணைக்குப் போகும்போது அந்தச் சிவப்பு டையைக் கட்டாதீர்கள். வெற்றியோ தோல்வியோ, உடனே எழுதுங்கள்.

வாகியோ

*

நைரோபி
8 பிப்ரவரி 1987

மலெம்பாவின் அம்மாவுக்கு,

விசாரணை முடிந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். காடு போய்விட்டது.

எப்படிப் போனது என்று சொல்கிறேன். வாரியத்தில் மூன்று பேர். கம்பெனி சார்பில் மரம் தெரிந்த ஒருவர். வாத்தியாரின் மனுவைப் படித்தார்கள். நான் எழுந்து படத்தை மேசையில் வைத்தேன். தலைவர் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு அந்த மரக்காரர் படத்தை வாங்கி, குருவியைப் பார்க்கவே இல்லை, கிளையின் நுனியில் விரலை வைத்தார்.

"இது ஊசி இலை. பைன். நீங்க சொல்ற காட்டுல பைன் மரம் இருக்கா?"

இல்லை என்றேன். கீழே தோட்டத்தில்தான் இருக்கிறது என்றேன்.

"அப்ப இந்தக் குருவி தோட்டத்து மரத்துல உட்கார்ந்திருக்கு. வாயில புழு. பக்கத்துல கூடு இருக்கணும், குஞ்சு இருக்கணும். ஐயா, அதுக்குத் தோட்டமே போதும்னு இவங்களே படம் எடுத்துக் கொண்டு வந்திருக்காங்க."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, வாகியோ. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கிளையை எத்தனை நேரம் பார்த்திருப்பேன், பாசியைப் பார்த்தேன், வளைவைப் பார்த்தேன், அது பைன் என்று என் கண்ணில் படவே இல்லை. நீ எழுதியிருந்தாய், நானும் படித்திருக்கிறேன். மறுபடி எழுந்து, அது அங்கே முளைத்த கிளை இல்லை, என் மனைவி கீழேயிருந்து கொண்டுவந்து ஃபிகிக்குள் கட்டியது என்று சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப படம் ஜோடிச்சதா? கிளையைக் கொண்டு வந்து கட்டினவங்க குருவியை எங்கேருந்து கொண்டு வந்தாங்கன்னு நாங்க எப்படி நம்புறது? படம் நிஜம்னா குருவி பைன்ல வாழுது. படம் பொய்னா உங்ககிட்டச் சான்றே இல்ல. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

பின்னணியில் ஃபிகியின் ஒரே ஒரு இலை தெரிந்திருந்தால் காட்டியிருப்பேன். எல்லாம் பச்சையாகக் கரைந்து கிடந்தது. அடுத்த ஊரின் மனுவைக் கூப்பிட்டார்கள்.

ஒரு சுள்ளி, வாகியோ. ஃபிகியிலிருந்து ஒரே ஒரு சுள்ளியை ஒடித்து நட்டிருந்தால் இன்று முழுக் காடும் நின்றிருக்கும். பெரியவருக்குத் தெரியாமல் செய்திருக்கலாமே.

மகாங்கா

*

கிலாலே
1 மார்ச் 1987

மகாங்காவுக்கு,

உங்கள் கடிதங்கள் எனக்கு மனப்பாடம். வேறு ஆள் துணை இல்லாத வீட்டில் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பார்கள். "நுனியில் இரண்டொரு இலை இருக்கட்டும்." இது யார் எழுதியது? "இலைக்கொத்தைக் கிள்ளிவிடாதே." இது? "பின்னால் இருக்கும் குப்பையெல்லாம் கரைந்து போய்." குப்பை என்று நீங்கள் எழுதியது எங்கள் காட்டை. காட்டைக் காட்ட வேண்டிய படத்தில் காட்டையே அழிக்கச் சொன்னவர் நீங்கள். நான் பைன் என்றே எழுதினேன். ஒளிக்கவில்லை.

பெரியவருக்குத் தெரியாமல் ஒடித்திருக்கலாம் என்கிறீர்கள். அவருக்குத் தெரியாமல் ஒடிக்கலாம், எனக்குத் தெரியாமல் எப்படி ஒடிப்பது? வெட்டக் கூடாது என்று சண்டை போடப் போகிற காட்டில் முதல் வெட்டை நானே வெட்ட வேண்டுமா?

ஆனாலும் நானும் தூங்கவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன். பெரியவரிடம் போய், ஒரு சுள்ளி ஒடித்திருந்தால் காடு தப்பியிருக்கும் என்கிறார் என் புருஷன் என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "நீ செஞ்சது சரிதாம்மா. வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மலெம்பா தீப்பெட்டியைத் தொலைத்துவிட்டாள். தேடவில்லை.

வாகியோ

*

நைரோபி
17 மே 1987

மலெம்பாவின் அம்மாவுக்கு,

நீ எழுதியது அத்தனையும் சரி. முதலில் கோபம் வந்தது, இப்போது அதுவும் இல்லை.

இதை மற்றவர் மூலம் நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுகிறேன். ஜன்னலில் மாட்டியிருந்த படத்தை முதலாளி என்னைக் கேட்காமல் விற்றுவிட்டார். வாங்கியது கம்பெனி. அடுத்த வருஷ நாட்காட்டி அச்சிடுகிறார்கள். அட்டையில் நம் குருவி. கீழே, எங்கள் தோட்டங்களில் பறவைகளும் மகிழ்ச்சியாக வாழ்கின்றன என்று போடப் போகிறார்களாம். நான் அந்தக் கடையை விட்டு வந்துவிட்டேன். இப்போது தெருவில் நின்று பாஸ்போர்ட் படம் எடுக்கிறேன்.

ஊருக்கு எப்படி வருவது என்று தெரியவில்லை. கோயிலில் பெஞ்சு பெஞ்சாகப் படத்தைப் பார்த்தவர்கள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? பெரியவர் முகத்தை? உன் முகத்தை?

ஒன்று கேட்கிறேன், எனக்காகச் செய். அந்தக் கிளை இன்னும் அங்கே நின்றால் பிடுங்கி எரித்துவிடு. அது நிற்கிறது என்ற நினைப்பே என்னை அரிக்கிறது.

மகாங்கா

*

கிலாலே
12 ஜூலை 1987

மலெம்பாவின் அப்பாவுக்கு,

பெருமழை ஓய்ந்ததும் ரம்பத்தோடு வந்தார்கள். மூன்று வாரம் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. இப்போது எங்கள் வாசலில் நின்றால் மறுபக்கத்து மலை தெரிகிறது. அதை இங்கிருந்து பார்க்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

பெரிய மரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிளைகளையும் சுள்ளிகளையும் விட்டுவிட்டு, ஊர்க்காரர்கள் விறகுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி அறிவித்தான். மூடுபனிக் காலம், எல்லார் வீட்டு அடுப்பும் ஈர விறகில் புகைகிறது, மலெம்பாவுக்கு இருமல் நிற்கவே இல்லை. அப்படியும் ஒரு ஆள் போய் ஒரு குச்சி எடுக்கவில்லை. வெட்டியது அவர்கள், காடு இன்னும் ஃபிகிதான். மேஸ்திரிக்கு இது புரியவில்லை. "ஓசில குடுத்தா கசக்குதா இவங்களுக்கு" என்று ஜும்பேயின் அம்மாவிடம் கேட்டானாம். அவள் வாயே திறக்கவில்லையாம். அவளுக்கே பேச்சு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தனை விறகும் மழையில் கறுத்துக் கிடக்கிறது.

ஊற்று இன்னும் நிற்கவில்லை. ஆனால் கலங்கல். குடம் நிறைவதற்குள் முன்பெல்லாம் ஒரு பாட்டுப் பாடி முடிப்போம். இப்போது பாடுவதற்கு நிறையப் பாட்டு வேண்டும், யாரும் பாடுவதில்லை. முட்டைக்கோஸ் போடவில்லை.

நீங்கள் கேட்டதைச் செய்யத்தான் போனேன். வேறு எதையும் தொடக் கூடாது, அந்தக் கிளையை மட்டும் எடுக்கலாம், அது நாம் கொண்டுபோனது. வீட்டில் காய்ந்த விறகு இல்லாத நாள் வேறு. அதை அடுப்பில் வைத்து மலெம்பாவுக்கு ஒரு வாய் சுடுகஞ்சியாவது காய்ச்சலாம் என்று வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு போனேன்.

எல்லாம் வெறும் அடிக்கட்டையாகக் கிடந்தது. வழி தெரியாமல் நான் என் வீட்டுக்கு மேலேயே தடுமாறினேன். முள்புதர் இல்லை, என் சாக்கு மறைப்பு இல்லை. நம் கிளை மட்டும் நின்றது. நிலம் அளக்கிறவர்கள் நட்ட குச்சி என்று நினைத்து வெட்டுக்காரர்கள் தொடாமல் விட்டிருக்கிறார்கள். பாசி காய்ந்து உதிர்ந்துவிட்டது. ஊசி இலை சிவந்துவிட்டது. கட்டிய சணல் வெளியே தெரிகிறது.

அதன்மேல் கரிமூஞ்சி உட்கார்ந்திருந்தது.

ஆண் மட்டும்தான். வாயில் ஒன்றும் இல்லை. அது பாடியது, நிறுத்தியது, பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி தலையைச் சாய்த்தது, மறுபடி பாடியது. பறந்து ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பவும் அதிலேயே வந்து உட்கார்ந்தது. அந்த மேட்டில் குருவி உட்கார நிமிர்ந்து நிற்கிற கிளை அது ஒன்றுதான். வாரியத்தில் அந்த மனிதர் சொன்னது இப்போது உண்மையாகிவிட்டது. கரிமூஞ்சி பைன் மரக் கிளையில்தான் வாழ்கிறது.

கத்தியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது, என் மேல் வந்தது, அதன் மேல்கூட வந்தது. பிறகு தளர்ந்திருந்த சணல் கட்டை இறுக்கிக் கட்டிவிட்டு, கீழே விழுந்து கிடந்த எதையும் மிதிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றும் ஈர விறகில்தான் கஞ்சி.

கேமராவில் சுருள் இன்னும் பாதி இருக்கிறது. எடுத்திருக்கலாம், பின்னால் இருப்பது எல்லாம் தெளிவாக விழுகிற மாதிரி. கொண்டு போகவில்லை. இந்த வாரம் ஞாம்பு வந்தால் அதைக் கம்பளியில் சுற்றிக் கொடுத்தனுப்புகிறேன், உங்கள் பிழைப்புக்கு ஆகும்.

முகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இங்கே யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. நீங்கள் வருவதானால் சீக்கிரம் வாருங்கள். வரும்போது காய்ந்த விறகு ஒரு கட்டு வாங்கி வாருங்கள்.

வாகியோ